பத்து நிமிடத்தில் சலிக்கும் காட்டு இசை

நீங்கள் உருவாக்கும் வீடியோ கேமில், காட்டில் சுற்றும் கட்டத்துக்கு 2 நிமிட இசை போட்டதாகவும், விளையாடிப் பார்த்தவர்கள் பத்தே நிமிடத்தில் ஒலியை அணைத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மெட்டின் மேல் பழி போடாதீர்கள். அரை மணி நேரத்தில் பதினைந்து முறை வந்தால் எந்த மெட்டும் காதைக் குடையும்.

1998-இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' வீடியோ கேமில் அதன் இசையமைப்பாளர் கோஜி கொண்டோ இதை அழகாகச் சமாளித்தார். நாயகன் சுற்றித் திரியும் ஹைரூல் வெளிக்கு எட்டு பார் (bar, தாளச் சுற்று) நீளத் துண்டுகளாக இசையமைத்தார். அவை வரிசை மாறி மாறி ஒலிக்கும். நாயகன் சும்மா நின்றால் இசை தணியும், எதிரி நெருங்கினால் இறுகும்.

உங்கள் மெட்டையும் வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தொடங்கட்டும், அதற்கு வழிவிடும் கார்டில் முடியட்டும். அப்போதுதான் எதன் பின் எது வந்தாலும் ஒட்டும். (இதில் சோம்பல்பட்டு, ஒட்டுப்போட்ட துணி போன்ற இசையை நானே செய்திருக்கிறேன்.) நான்கைந்து துண்டுகளுக்குப் பின் ஒரு நிமிடம் இசையே வேண்டாம், காற்றும் பறவையும் போதும். 2017-இல் வந்த இன்னொரு செல்டா விளையாட்டான 'பிரெத் ஆஃப் த வைல்ட்' திறந்தவெளியை அங்கொன்றும் இங்கொன்றுமான பியானோ சுரங்களாலேயே நிரப்பியது.

சண்டை இசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் சண்டைகள் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அப்போது பார்க்கலாம்.