உப்புக் குளியலுக்கு முன்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். என் பழைய வேட்டை ரைஃபிளின் குழலையும் போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) துரு ஏறாமலிருக்க நைட்ரைடு பூச்சுக்கு அனுப்பப் போகிறேன். முன்னதாக என்ன செய்யணும்?

பதில்: உண்மையில் இது பூச்சே இல்லை. சுமார் 580 டிகிரி செல்சியஸில் உருகிய உப்புக்குள் எஃகை முக்கி, நைட்ரஜனையும் கொஞ்சம் கார்பனையும் அதன் தோலுக்குள்ளேயே ஊற வைக்கிறார்கள், அதனால் இப்போது இருக்கிற கீறல் அப்படியே கறுப்பாக நிற்கும். பாலிஷ் எல்லாம் முதலிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பிரிங் அந்தச் சூட்டில் விறைப்பை இழக்கும், அலுமினியம் போகவே கூடாது, ஈயப் பற்று வைத்து ஒட்டிய சைட் (குறிபார்க்கும் பகுதி) பற்று உருகிக் கழன்றுவிடும். எண்ணெய், துரு, பழைய நீலப் பூச்சு, குரோம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. திருகுத் துளைக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உப்பு வெடித்துத் தெறிக்கும், பட்டறைக்காரர் உங்களைத் திட்டுவார்!

போல்ட்தான் எனக்குக் கவலை. மேல்தோலை மட்டும் கடினப்படுத்தி, குறைந்த சூட்டில் டெம்பர் செய்த (மறுபடி சூடாக்கிப் பதப்படுத்திய) பழைய போல்ட் என்றால் இந்தக் குளியலில் கடினம் குறைந்து மென்மையாகிவிடும். எந்த எஃகு என்று தெரியாவிட்டால் குழலை மட்டும் அனுப்புங்கள்.