புதியவர்களுக்கு ஓரியண்டேஷன் தகவல்: எப்போது, எப்படி அனுப்புவது?

கேள்வி: நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மாதாமாதம் பத்துப் பதினைந்து பேர் புதிதாகச் சேர்கிறார்கள். முதல் நாள் ஓரியண்டேஷன், அதாவது புதியவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி பற்றி எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடுகிறேன். இருந்தும் சிலர் தாமதமாக வருகிறார்கள், சிலர் சான்றிதழ் இல்லாமல் வருகிறார்கள். அன்று காலை போன் செய்து "எங்கே வரணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. மெயிலை எப்போது அனுப்ப வேண்டும்? அதில் என்ன எழுத வேண்டும்?

பதில்: உங்கள் மெயிலை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வகை மெயில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். முதலில் வரவேற்பு, அப்புறம் நிறுவனத்தின் பெருமை, அதன்பிறகு ஓரியண்டேஷனின் நோக்கம். தேதியும் நேரமும் நான்காவது பத்தியில் எங்கோ ஒளிந்திருக்கும். படிப்பவரோ போனில், வேறு வேலைக்கு நடுவே, மேலோட்டமாகத்தான் பார்ப்பார். பெருமையை ஓரியண்டேஷன் அன்று நேரில் பேசிக்கொள்ளலாம். மெயிலில் அவருக்குத் தேவை, கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கான பதில். சாப்பாடு கட்டிக்கொண்டு வரணுமா? எத்தனை மணிக்கு விடுவார்கள்? அன்றைக்குச் சம்பளம் உண்டா? "இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று பலர் வாயைத் திறப்பதே இல்லை.

ஒரு மாதிரி தருகிறேன். பொருள் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்: "ஜூன் 8, திங்கள், காலை 9.30: உங்கள் ஓரியண்டேஷன்". உள்ளே இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் ஓரியண்டேஷன் ஜூன் 8, திங்கட்கிழமை காலை 9.30-க்குத் தொடங்கி மாலை 4.30-க்கு முடியும். இடம்: பிரதான அலுவலகம், இரண்டாம் தளம், பயிற்சி அறை. கிழக்கு வாசலுக்கு 9.15-க்குள் வந்துவிடுங்கள். செக்யூரிட்டியிடம் பெயரைச் சொன்னால் போதும். அடையாள அட்டையும், கல்விச் சான்றிதழ்களின் அசலும், ஒரு செட் நகலும் கொண்டு வாருங்கள். அசலைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தந்துவிடுவோம். மதிய உணவு நாங்கள் தருகிறோம். அன்றைய நாளுக்கும் சம்பளம் உண்டு. உணவிலோ, படியேறுவதிலோ, வேறு எதிலாவதோ தனி ஏற்பாடு தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். வரும் வழியில் சிக்கல் என்றால் கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள். இந்த மெயில் கிடைத்ததும் வியாழனுக்குள் ஒரு வரி பதில் போடுங்கள்."

இதில் உங்கள் ஊழியர்களுக்குப் பொருந்தாததை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சில சின்ன விஷயங்களை விட்டுவிடாதீர்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5/6 என்று போட்டால் ஒருவர் ஜூன் 5 என்பார், இன்னொருவர் மே 6 என்பார். வந்து சேர வேண்டிய நேரம் வேறு, தொடங்கும் நேரம் வேறு, இரண்டையும் சொல்லுங்கள். 9.30 என்று மட்டும் சொன்னால் 9.30-க்கு வாசலில் நிற்பார்கள், அறைக்குள் வர 9.50 ஆகிவிடும். அது அவர்கள் தவறு அல்ல. அசலைத் திருப்பித் தருவோம் என்ற வரியும் முக்கியம். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்திலேயே "மறந்துவிட்டேன்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது அனுப்புவது? சேரும் தேதி உறுதியானதுமே ஓரியண்டேஷன் நாளை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முழு விவரம் ஒரு வாரத்துக்கு முன் போகட்டும். ஒரு மாதம் முன்னால் போனால் மற்ற மெயில்களுக்கு அடியில் புதைந்துவிடும். முந்தின நாள் போனால் வெளியூரில் கிடக்கும் சான்றிதழை வரவழைக்க நேரம் இருக்காது. முந்தின வேலை நாளில் வாட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ நேரம், இடம், போன் எண் மட்டும் நினைவூட்டுங்கள். வியாழன் வரை பதில் போடாதவர்களை வெள்ளியன்று போனில் கூப்பிட்டுவிடுங்கள். மெயில் ஸ்பாமில் விழுந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

எந்த முகவரிக்கு என்பதையும் ஒருமுறை பாருங்கள். சில இடங்களில் சிஸ்டம் தானாகவே புதிய அலுவலக முகவரிக்கு மெயிலைத் தட்டிவிடும். பாஸ்வேர்டோ ஓரியண்டேஷன் அன்றுதான் கைக்கு வரும்! சேரும்வரை தனிப்பட்ட முகவரிதான் சரி. எல்லோர் முகவரியையும் ஒன்றாக 'டூ'வில் போடாதீர்கள். அவர்களில் சிலர் பழைய நிறுவனத்தில் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருப்பார்கள். எங்கே சேர்கிறோம் என்பதை அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். தனித்தனியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி-யில் போடுங்கள். அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பதும் இதே தவறுதான். போலி வேலை மெயில்கள் நிறைய வருவதால் உங்கள் மெயிலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நிறுவன முகவரியிலிருந்தே அனுப்புங்கள், ஆஃபர் லெட்டரில் உள்ள அதே போன் எண்ணைக் கொடுங்கள், வங்கிக் கணக்கு விவரத்தைப் பதில் மெயிலில் கேட்காதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இடத்துக்குப் பதில் லிங்க். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களுக்கு காலண்டர் அழைப்பும் அனுப்புங்கள். நேரத்தை அதுவே அவரவர் ஊர்க் கணக்குக்கு மாற்றிக் காட்டும். லேப்டாப் அதற்குள் போய்ச் சேராது என்றால், எந்தக் கருவியிலிருந்து ஓரியண்டேஷனில் சேர்வது என்றும் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் குழப்பம் வருகிறதென்றால் ஓட்டை உள்ளேதான் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: புதியவருக்குத் தகவல் போயிருக்கும், செக்யூரிட்டிக்குப் போயிருக்காது. முந்தின நாள் மாலைக்குள் பெயர்ப் பட்டியல் வாசலுக்கும் ரிசப்ஷனுக்கும் போய்விட வேண்டும். ஐ.டி. பிரிவுக்கு இன்னும் சில நாள் முன்பே சொல்லுங்கள். சம்பந்தப்பட்ட மேனேஜருக்கும் தனியாக ஒரு மெயில் போடுங்கள்: "இவர் அன்று மாலை 4.30 வரை ஓரியண்டேஷனில் இருப்பார், வேறு மீட்டிங் வைக்க வேண்டாம்". இல்லாவிட்டால் 11 மணிக்கு அவர் டீம் மீட்டிங்குக்குக் கூப்பிடுவார். யார் பேச்சைக் கேட்பது என்று புதியவர் முழிப்பார்.

அன்று வர முடியாதவர்களுக்கு அடுத்த பேட்ச் தேதியையும், அதுவரை யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.