உதட்டுச் சூடும் டயர்ச் சூடும்

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கும் இறுதியாண்டுப் பொறியியல் மாணவன். நீங்கள் டயர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். உருளும் டயர் ஒன்றைக் கணினியில் அமைத்தேன். இறப்பருக்கு, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு விசை என்று சொல்லும் மூனி-ரிவ்லின் சமன்பாடு. வீதியைத் தொடும் பரப்பு சரியாக வந்தது. ஆனால் எத்தனை சுற்று உருட்டினாலும் டயர் சூடாகவில்லை. இறப்பர் பட்டியைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் சுடுகிறதே, அந்தச் சூடு எங்கே போனது?

அன்புள்ள தம்பி,

உதட்டுச் சோதனை பழையது. கண்பார்வையற்ற ஆங்கிலேய அறிஞர் ஜோன் கோஃப் 1805இலேயே அதை எழுதிவைத்தார். இழுத்த பட்டியைச் சற்றுநேரம் பிடித்திருந்து, பிறகு தளர்த்தி உதட்டில் வையுங்கள், குளிரும். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் சூடு அது. நீங்கள் தேடுவது திரும்பி வராத சூட்டை.

நீட்சிக்கு எதிராக விசையை வரைபடமாக்குங்கள். இழுக்கும்போது ஒரு கோடு, தளரும்போது அதற்குக் கீழே இன்னொரு கோடு. நடுவில் அகப்படும் பரப்புத்தான் டயர் தின்னும் எரிபொருள். மூனி 1940இலும் ரிவ்லின் 1948இலும் தந்ததில் போவதும் வருவதும் ஒரே கோட்டில், பரப்பு பூச்சியம். கணினியைக் குறை சொல்லாதீர்கள், பாவம், சொன்னதைத்தான் செய்தது.

காலத்தோடு தளரும் தன்மையைப் பிரோனி தொடராக, அதாவது வெவ்வேறு வேகத்தில் தேயும் உறுப்புகளின் கூட்டலாக, சேருங்கள். சூடு வரும், ஆனால் அளவு பிழைக்கும். டயர் இறப்பருக்குள் கரித்தூள் இருக்கிறது. மெல்ல அசைத்தால் விறைப்பாக நிற்கும். கொஞ்சம் பலமாக அசைத்தால் துகள்களின் பிணைப்பு அறுந்து இளகிவிடும். பெய்ன் விளைவு என்பது இதுதான், சாதாரணப் பிரோனி தொடருக்கு இது தெரியாது. புதுத் துண்டின் முதல் இழுவையையும் நம்பாதீர்கள். நாலைந்து தடவை இழுத்துத் தளர்த்திய பிறகே அளவெடுங்கள்.

டயரைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்த கணினி வலைப்பின்னலையே உருட்டினீர்களோ? இரண்டு மீற்றர் சுற்றளவுள்ள டயர் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு 11 தடவை சுழலும். உங்கள் மடிக்கணினி தாங்காது. வலையை நிறுத்திவிட்டு இறப்பரை அதனூடாக ஆறுபோல ஓடவிடுங்கள். நுண்ணிய வலை வீதியைத் தொடும் இடத்தில் மட்டும் போதும்.

வெப்பநிலை கடைசி. ஃபோர்க்லிஃப்டுக்குப் போடும் காற்றில்லா டயர் ஒன்றை ஒருமுறை வெட்டிப் பார்த்தோம். வெளியே கை வைத்தால் இளஞ்சூடுதான். நடுவில் இறப்பர் பிசுபிசுத்துக் கிடந்தது. இறப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. சூடேறினால் அதன் குணமும் மாறும், குணம் மாறினால் சூடும் மாறும். இரண்டும் ஒத்துப்போகும்வரை மாறிமாறிக் கணக்கிட வேண்டும்.

அதற்கு முன் அந்த இரண்டு கோடுகளையும் வரைந்து அனுப்புங்கள்.