மாஸ்டர் போய்விட்டால் கம்பெனி தாங்குமா? – அறிவு மேலாண்மை கேள்வி பதில்

சிறு, நடுத்தரத் தொழில் நடத்துபவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலர் தொழில் நிலைத்து நிற்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சிலர் தண்ணீர், மின்சாரக் கணக்கு பற்றி. எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். ஆட்களின் தலையில் இருக்கும் வேலை அறிவை எடுத்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதைத்தான் அறிவு மேலாண்மை என்கிறார்கள். வேலை தெரிந்தவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேராத இடத்தில் ஆளும் வீண், தண்ணீரும் வீண்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார். சித்திரையோடு ஊருக்குப் போகிறேன் என்கிறார். ரெசிபி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர் லீவு போடும் நாளில் ரீ-டையிங் (மறுபடி சாயம் போடுவது) கூடிவிடுகிறது. என்ன செய்வது? (திருப்பூர்)

கம்ப்யூட்டரில் இருப்பது எத்தனை கிராம் போட வேண்டும் என்பது. எந்த நாளில் அந்தக் கிராமை நம்பக்கூடாது என்பது மாஸ்டரிடம் இருக்கிறது. நீங்கள் எடுத்து வைக்க வேண்டியது அதைத்தான்.

அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து “உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்” என்று சொல்லாதீர்கள். ஒன்றும் வராது. தெரியும் என்றே தெரியாமல் செய்கிற வேலை அது. மெஷின் பக்கத்தில் உதவியாளரை நிறுத்தி வையுங்கள். மாஸ்டர் ரெசிபியை மீறும் ஒவ்வொரு முறையும் “இப்ப ஏன் மாத்தினீங்க?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். சுத்திகரிப்பில் மீட்ட உப்புத் தண்ணீர் டேங்குக்கு வந்திருக்கிறது. மாஸ்டர் ஒரு கப்பில் பிடித்து, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். பேப்பரை முக்கிப் பார்க்கிறார். நிறம் காரப் பக்கம் திரும்பியிருக்கிறது. சாயம் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விடச் சொல்கிறார். ரெசிபியில் அந்த வரி கிடையாது. விடாமல் சாயத்தைப் போட்டிருந்தால், சாயத்தைப் பிடிக்க வைக்கும் சோடாவைப் போடும் முன்பே ரியாக்டிவ் சாயம் (பருத்தித் துணிக்குப் போடும் வகை) அங்கங்கே பிடித்து, துணி திட்டுத் திட்டாக வந்திருக்கும். இந்த ஒரு செய்கையை லாட் (ஒரே முறையில் சாயம் போடும் துணித் தொகுதி) நம்பரோடு, என்ன பார்த்தார், என்ன மாற்றினார், எதற்காக, துணி எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். நாலு வரி போதும். ப்ளீச்சிங் முடிந்த துணியில் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று அவர் எப்படிப் பார்க்கிறார், மழைக்காலத்தில் எதை மாற்றுகிறார் என்பதெல்லாம் இப்படித்தான் வெளியே வரும். கெட்டுப் போன லாட்டுகளையும் விடாமல் எழுதுங்கள். நன்றாக வந்த லாட்டைவிட அவற்றில்தான் பாடம் அதிகம்.

அவர் ஊருக்குப் போகும்வரை இருக்கும் காலத்தில் பாதி போனதும் ஆளை மாற்றுங்கள். உதவியாளர் ஓட்டட்டும், மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். அவர் வாயைத் திறக்கும் இடங்கள்தான் இன்னும் எழுதப்படாதவை. போன பிறகும் மாதம் ஒருநாள் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். நன்றிக்காக வரச் சொல்லாதீர்கள், கூலி கொடுத்து வரச் சொல்லுங்கள்.

இது சுற்றுச்சூழலோடு சேர்ந்த விஷயம் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தவர்கள்தான் திரும்பத் திறந்தார்கள். இன்று ஒரு லாட்டை ரீ-டையிங் செய்தால் அந்தத் தண்ணீர், உப்பு, நீராவி எல்லாம் இரண்டாம் முறை செலவு. அந்தத் தண்ணீர் இன்னொரு முறை உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கும் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கும் போக வேண்டும். முதல் முறையிலேயே ஷேடு சரியாக வருவதைவிடப் பெரிய பசுமைத் திட்டம் உங்கள் பட்டறைக்குக் கிடையாது.

கேள்வி: பெரிய தொகை கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கி, சர்வீஸ் மேனுவல், டிராயிங் எல்லாம் ஏற்றிவிட்டோம். யாருமே திறந்து பார்ப்பதில்லை. பயிற்சி கொடுத்தும் பலனில்லை. (கோவை, பம்ப் தயாரிப்பு)

ஏற்றியது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆபீஸ். தேவைப்படுகிறவர் வெளியூரில், வெயிலில், ஓடாத மோட்டார் முன்னால் நிற்கிறவர்.

ஜெராக்ஸ் கம்பெனியில் 1980களில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் காப்பியர் ரிப்பேர் செய்பவர்களோடு சுற்றினார். மேனுவலில் இல்லாத கோளாறுகளை அவர்கள் டீ, காபி நேரத்தில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்க்கிறார்கள் என்று கண்டார். பிறகு 1990களில் அந்தக் கதைகளைச் சின்னக் குறிப்புகளாகச் சேர்க்க ‘யுரேகா’ என்ற முறையைத் தொடங்கினார்கள். பிரான்சில் முதலில் ஓடியது. யாரும் எழுதலாம், ஆனால் அனுபவமுள்ள சக டெக்னீஷியன்கள் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே வரும். எழுதியவர் பெயர் குறிப்போடு இருக்கும். மான்ட்ரியலில் ஒருவர் எழுதிய குறிப்பைப் பார்த்து பிரேசிலில் ஒரு டெக்னீஷியன், மாற்றிவிடலாம் என்று நினைத்த 40,000 டாலர் மெஷினை ஒரு டாலர்கூடப் பெறாத உதிரிப் பாகத்தால் சரிசெய்தது அந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் சம்பவம்.

உங்கள் சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட வேண்டாம். மேனுவலை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, சர்வீஸ் ஆட்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பும் போட்டோவையும் வாய்ஸ் மெசேஜையும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து எடுத்து, சரிபார்த்து, பெயரோடு ஏற்றுங்கள். தன் பெயர் இருக்கும் இடத்தை ஆள் திறந்து பார்ப்பார்.

கேள்வி: எங்களிடம் துணி வாங்கும் பெரிய நிறுவனம் நிலைத்தன்மை அறிக்கைக்காகத் தண்ணீர், மின்சாரம், டீசல் கணக்கு கேட்டு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறது. குத்துமதிப்பாகப் போட்டு அனுப்பலாமா? (கரூர்)

கூடாது. 2021 மே மாதம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை, 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். அவர்கள் கேட்பது அதனால். இந்த வருஷம் குத்துமதிப்பாகப் போட்ட எண், அடுத்த வருஷம் உண்மை எண்ணோடு மோதும். அப்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

எண்ணைவிட அது எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைப்பதுதான் முக்கியம். டீசல் என்றால் பில்லில் வாங்கிய லிட்டரா, ஜெனரேட்டர் குடித்த லிட்டரா? டேங்கர் லாரித் தண்ணீரை லோடாக எண்ணினீர்களா, மீட்டரில் பார்த்தீர்களா? லிட்டரா, கிலோலிட்டரா? ஈ.பி. ரீடிங் எடுத்த தேதியும் மாதக் கடைசியும் ஒன்றல்ல, இடைவெளியை எப்படிப் பிரித்தீர்கள்? மீட்டர் மாற்றிய தேதி என்ன? ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் இதை ஒரு வரி எழுதுங்கள். ரீடிங் எடுத்தவர் கையெழுத்து இருக்கட்டும்.

வாங்குகிறவருக்காக எடுக்கும் இந்தக் கணக்கை உங்களுக்காக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு கிலோ துணிக்கு எந்த மெஷின் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பிரித்தாலே, மாற்ற வேண்டிய மெஷின் கண்ணில் படும்.

கேள்வி: பீரோ நிறையப் பழைய ஃபைல். எதை வைப்பது, எதை எறிவது? (ஈரோடு)

சட்டம் சொல்வதை முதலில் பிரித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகள், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டு. ஜி.எஸ்.டி. வழக்கு நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரை, அல்லது அந்த 72 மாதம், எது பிந்தியதோ அதுவரை. ஆட்களின் சொந்தத் தகவல்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்காதீர்கள், 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திசையும் அதுதான். கட்டடம், பைப்லைன், வயரிங் வரைபடங்களைக் கட்டடம் இருக்கும்வரை எறியவே கூடாது. எறிந்ததையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: அறிவு தொலைந்துபோனதால் ஒரு நிறுவனம் உண்மையிலேயே தடுமாறியதற்குச் சான்று உண்டா? பாடப் புத்தகத்தில் பொதுவாகவே சொல்கிறார்கள். (மதுரை, நூலக அறிவியல் மாணவி)

உண்டு அம்மா. அமெரிக்காவில் டபிள்யூ-76 என்ற அணுகுண்டு முனையில் ‘ஃபாக்பேங்க்’ என்று ரகசியப் பெயரிட்ட ஒரு பொருள் பயன்பட்டது. டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஒய்-12 ஆலையில் 1975 முதல் 1989 வரை செய்தார்கள். பிறகு அந்த வசதியை மூடிவிட்டார்கள். 2000 வாக்கில் பழைய குண்டுகளைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டபோது, செய்முறை பற்றிய பதிவு மிகக் குறைவு, செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது வேலையை விட்டுப் போய்விட்டார்கள். புது ஆலை கட்டியும் பொருள் சரியாக வரவில்லை. கோடிக்கணக்கான டாலர் கூடுதல் செலவு, திட்டம் தள்ளிப்போனது. இது 2009-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு அறிக்கையிலேயே வந்தது.

பிறகு கண்டுபிடித்த காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பழைய காலத்தில் மூலப்பொருளில் ஒரு கலப்பு இருந்தது. நவீன முறை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. பொருள் சரியாக வரக் காரணமே அந்தக் கலப்புதான். முதலில் செய்தவர்களுக்கே அது தெரியாது, அதனால் எழுதவும் இல்லை. அணுகுண்டு காப்பாற்றப்பட வேண்டிய பொருள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ‘செய்முறை மட்டும் போதும், சூழ்நிலையை எழுத வேண்டாம்’ என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. எந்த ஊர்த் தண்ணீர், எந்தக் கம்பெனிச் சரக்கு, எந்த மெஷின் என்பதை அற்பம் என்று விட்டுவிடக்கூடாது. தேர்வில் எழுத இன்னொரு குறிப்பு: தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பில் 7.1.6 பிரிவு நிறுவனத்தின் அறிவைப் பேணச் சொல்கிறது. 2018-இல் ஐ.எஸ்.ஓ. 30401 இதற்கென்றே வந்தது.

கேள்வி: அண்ணை, எங்கட தொண்டு நிறுவனத்தில செயற்றிட்டம் மூண்டு வருசத்தில முடியும். நிதி நிண்டவுடன உத்தியோகத்தர்களும் போயிடுவினம், மடிக்கணினியும் போயிடும். அடுத்த திட்டம் வரேக்க திரும்பவும் சுழியத்தில இருந்து தொடங்கிறம். (யாழ்ப்பாணம்)

தம்பி, நிதி தருபவருக்கு எழுதும் அறிக்கையும் உங்களுக்கு வேண்டிய பதிவும் வேறு வேறு. அறிக்கையில் வெற்றி இருக்கும். எந்தக் கிராமத்தில் யாரோடு பேசினால் வேலை நடந்தது, எந்தக் கிணறு உவராகிப் போனது, ஏன் ஒரு கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்பது இருக்காது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு பக்கம் இதற்காக எழுதுவதை வேலை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். கடைசி மாதத்துக்கு விட்டால் ஆள் அடுத்த வேலை தேடிக்கொண்டிருப்பார். செலவுத் திட்டத்திலும் ஆவணப்படுத்தலுக்கு ஒரு வரி கேளுங்கள்.

பிரதி ஒன்றுக்கு மேல், ஓரிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். 1981-இல் நூலகம் எரிந்த ஊருக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ நிறுவனத்தின் எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் உங்கள் மண்ணின் ஆவணங்களைக் காக்கிறது. ஆட்களின் அந்தரங்கம் இல்லாத வெளியீடுகளை அங்கே சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லா ஃபைலையும் ஏ.ஐ.யிடம் கொடுத்துவிட்டால் அதுவே பதில் சொல்லிவிடாதா? (பெங்களூரு)

ஃபைலில் இருப்பதைச் சொல்லும். ஒரே செய்முறைக்கு நாலு பதிப்பு இருந்தால் செல்லாத பதிப்பிலிருந்தும் தெளிவாகச் சொல்லும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பொறுப்பாளர், திரும்பச் சரிபார்க்கும் தேதி, பழையது நீக்கம் என்ற மூன்றையும் முடித்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

கேள்வி: நம் டிராயிங்கைச் சப்ளையருக்குக் கொடுத்தால் போட்டியாளரிடம் போய்விடாதா? பூட்டி வைப்பதுதானே பாதுகாப்பு? (சென்னை, அம்பத்தூர்)

சிலவற்றைப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் 1997 பிப்ரவரி 1-ஐ நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் ஐசின் கம்பெனியின் கரியா ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களுக்கு வேண்டிய ஒரு சின்ன பிரேக் வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கேதான் தயாரானது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான், டொயோட்டா ஆலைகள் நின்றன. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்படப் பல கம்பெனிகள் தங்களிடம் இருந்த மெஷின்களை வைத்தே அந்த வால்வைச் செய்தன. சில நாட்களில் டொயோட்டா ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஆலையோடு வரைபடமும் எரிந்திருந்தால், அல்லது பூட்டுச் சாவிக்காரர் ஒரே ஒருவராக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள், யாருக்கு எந்தப் பதிப்பு போனது என்று பதிவு வையுங்கள்.

கேள்வி: நான் டூல்ரூம் (அச்சு, கருவிகள் செய்யும் பிரிவு) சூப்பர்வைசர். எனக்குத் தெரிந்ததை எல்லாம் வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்து முடித்தால் என்னை அனுப்பிவிட மாட்டார்களா? (ஓசூர்)

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது சார். அப்படி நடந்த இடங்கள் உண்டு. அறிவு மேலாண்மை பேசுகிறவர்கள் இதைத் தொடாமல் போவது எனக்குப் பிடிக்காத ஒன்று. சொல்லிக் கொடுத்தவரை வெளியே அனுப்பிய கம்பெனியில், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். முதலாளி மிச்சம் பிடித்தது ஒரு சம்பளம், இழந்தது மொத்தக் கடையின் பேச்சு.

நீங்கள் மறுக்க வேண்டாம். நிபந்தனை வையுங்கள். வீடியோவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், பயிற்சியாளர் என்று எழுத்தில் பதவியும் அதற்கான அலவன்சும் வேண்டும், எத்தனை பேரைத் தயார் செய்கிறீர்களோ அது உங்கள் இன்க்ரிமென்ட்டில் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தை முதலாளிகளும் படிக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்: கேமராவை எடுத்து வருவதற்கு முன்னால் இந்த நிபந்தனைகளை எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.