யாழ்ப்பாணத்தில் மனநோய் பற்றி ஊர்ச் சனத்துக்கு எப்படி எடுத்துச் சொல்லலாம்?

தனியாக மேடை போடுவதை விட, சனம் ஏற்கெனவே கூடும் சனசமூக நிலையத்துக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். நோயின் பெயரை விட அடையாளத்தைச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாட்டில் மனமில்லை, படலைக்கு வெளியே வரவே விருப்பமில்லை என்றால், சோம்பல் என்றோ செய்வினை என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. நேர்த்தி வைப்பவரோடு வாதாட வேண்டாம். கோயிலுக்கும் போகட்டும், கிளினிக்குக்கும் போகட்டும்.

என்னைக் கேட்டால், குணமாகி வேலைக்குப் போகும் ஒருவர் தானாக விரும்பி வந்து கதைத்தால், வைத்தியரின் விரிவுரையை விட அது சனத்தின் மனதில் நிற்கும்.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926; தமிழிலும் கதைக்கலாம். வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள்.