வாசகர் கேள்வி – பதில்: ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது போன், பார்சலைக் காணோம்

ஆன்லைனில் வாங்கியது வராமல் போனது, மாறி வந்தது, குறைந்து வந்தது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்சல் கொண்டுவரும் தம்பியோடு வாசலில் சண்டை போட்டுப் பணம் திரும்பியதில்லை. எடை, நேரம், எண் மூன்றும் எழுத்தில் கையில் இருந்தால் பெரும்பாலும் திரும்பும்.

? வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். அவர் நம்பரில் 14,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டியாச்சு. மறுநாள் காலை அவர் கரைக்கு வந்து பார்த்தால், முந்தின நாள் மாலை 6.40-க்கே ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று மெசேஜ். வீட்டில் நானும் மாமியாரும் இருந்தோம், யாரும் வரவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், ‘ஓடிபி சொல்லித்தானே வாங்கியிருக்கிறீர்கள்’ என்கிறார்கள்.
– வாசகி, பாம்பன்

அந்த 6.40-ஐ விட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது.

‘டெலிவரி ஆகிவிட்டது’ என்பது டெலிவரி ஊழியர் தன் கைக்கருவியில் போடும் பதிவு. பொருள் உங்கள் கைக்கு வந்ததற்கு அது மட்டுமே சான்றாகாது. மாலையானதும் கொடுக்காத பார்சலையெல்லாம் கிளையில் திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டும். அதைத் தவிர்க்க, ‘நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்று சிலர் முன்கூட்டியே பதிவு போட்டுவிடுவது உண்டு. தெருமுனைக் கடையில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் நாலு வீட்டில் இருக்கிற நம் ஊர்களில் வீடு மாறிப் போவதும் சாதாரணம். எனவே முதலில் அக்கம்பக்கத்தில், கடைகளில் விசாரியுங்கள். ஆப்பில் டெலிவரி ஊழியரின் தொடர்பு இருந்தால் பேசுங்கள். ஆனால் அதற்காகப் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று அன்றே ஆப்பில் பதிந்துவிடுங்கள். பார்சல் வந்துவிட்டால் புகாரை மூடிக்கொள்ளலாம். தாமதமாகப் புகார் செய்தால், ‘இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

அடுத்து, நிறுவனத்திடம் டெலிவரிச் சான்றை எழுத்தில் கேளுங்கள். ஓடிபி எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, எத்தனை மணிக்கு உள்ளிடப்பட்டது, அப்போது ஊழியரின் கருவி எந்த இடத்தில் இருந்தது, வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் அல்லது படமும் என்ன என்ற விவரங்கள் அதில் வர வேண்டும். ஓடிபி 6.38-க்கு அனுப்பப்பட்டு 6.40-க்கு உள்ளிடப்பட்டிருந்தால், அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்காரரின் போன் டவர் எட்டாத கடலில் இருந்தது. அன்றைக்கு மீன்வளத்துறையில் வாங்கிய டோக்கனே அதற்குச் சான்று. அதைப் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சில நிறுவனங்கள் பார்சல் கிளையிலிருந்து கிளம்பும் காலையிலேயே ஓடிபியை அனுப்பிவிடும். ‘வர லேட்டாகும், நம்பரை இப்பவே சொல்லிடுங்க’ என்று யாராவது போன் செய்து வாங்கினார்களா என்று கால் பதிவைப் பாருங்கள். சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பொருளைப் பார்க்காமல் ஓடிபி கேட்டதே அவர்கள் பக்கத்துத் தவறு.

கஸ்டமர் கேர் கைவிரித்தால் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் இந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் ‘சார்ஜ்பேக்’, அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் வசதி, கேட்டு எழுதுங்கள்; அதற்குக் காலக்கெடு உண்டு.

வாங்கியது செல்போன் என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. பில்லில் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். நிறுவனம் பணம் தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த ரசீதையும் பில்லையும் வைத்து மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த போனை முடக்கக் கோரலாம். பணம் திரும்ப வந்துவிட்டால் இந்த வேலை வேண்டாம். அப்போது அந்த போன் உங்களுடையது அல்ல.

இனிமேல் ஆர்டர் போடும்போது, கடலுக்குப் போகிறவர் நம்பரைக் கொடுக்காமல் வீட்டில் இருப்பவர் நம்பரைக் கொடுங்கள். பின்கோடையும் சரிபாருங்கள். மண்டபத்துக்கும் மண்டபம் கேம்ப்புக்கும் பின்கோடு வேறு. அதை மாற்றிப் போட்டுவிட்டு பார்சல் இரண்டு நாள் சுற்றியது என்று எழுதியவர்களும் உண்டு.

? கடல்பாசி மிதவை கட்ட 6 மி.மீ. நைலான் கயிறு, 220 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினேன். பெட்டி லேபிளில் 4.8 கிலோ என்று இருக்கிறது. சுருளை மட்டும் தராசில் வைத்தால் 2.6 கிலோதான். டேப்பின் மேல் டேப் ஒட்டியிருக்கிறது. வழியில் பிரித்து எடுத்திருப்பார்களோ?
– வாசகர், தங்கச்சிமடம்

வழியில் எடுத்ததாகத் தெரியவில்லை. விற்றவரே மெல்லிய கயிறையோ நீளம் குறைந்த கயிறையோ அனுப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் லேபிள் எடை. கூரியரில் கனம் குறைந்த, இடம் அடைக்கும் பெட்டிகளுக்கு அளவைக் கொண்டு எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டியை அளந்து பாருங்கள். 40 × 30 × 20 இருந்தால் 24,000. 5,000-ஆல் வகுத்தால் சரியாக 4.8. அப்படி வந்தால் அது கட்டணத்துக்காகப் போட்ட எடை, தராசு எடை இல்லை. லேபிளுக்கும் தராசுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்துத் திருட்டு என்று எழுதினால் புகார் அங்கேயே விழுந்துவிடும். டேப் மேல் டேப்பும் அப்படித்தான். பெட்டி கிழிந்தால் கிளையிலேயே மறுபடி ஒட்டுவார்கள். முதல் டேப் கத்தியால் நேராக அறுக்கப்பட்டு அதன்மேல் புது டேப் இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

இப்போது கயிறு. மூன்று புரி 6 மி.மீ. நைலான் கயிறு 100 மீட்டர் ஏறக்குறைய 2.4 கிலோ இருக்கும்; 220 மீட்டருக்கு 5.2 கிலோ. அதே தடிமனில் பாலிப்ரொப்பிலீன், அதாவது பி.பி. கயிறு 100 மீட்டர் சுமார் 1.7 கிலோ, 220 மீட்டருக்கு 3.75 கிலோ. உங்கள் 2.6 இரண்டுக்கும் பொருந்தவில்லை. 5 மி.மீ. பி.பி. கயிறு 220 மீட்டர் என்றால் பொருந்துகிறது. 6 மி.மீ. பி.பி. கயிறே 150 மீட்டர்தான் என்றாலும் பொருந்தும்.

எது என்று பார்க்க, கயிறின் நுனியை ஒரு பென்சிலில் இடைவெளி விடாமல், நசுக்காமல் பத்துச் சுற்று சுற்றி, ஸ்கேலால் அகலத்தை அளங்கள். 60 மி.மீ. வந்தால் தடிமன் சரி, நீளம்தான் குறைவு. 50 மி.மீ. வந்தால் 5 மி.மீ. கயிறு. நீளம் பார்க்கச் சுருளை முழுக்கப் பிரிக்க வேண்டாம். சுற்றுகளை எண்ணி, நடுச்சுற்றின் சுற்றளவால் பெருக்கினால் போதும். நைலானா இல்லையா என்று பார்க்க, நுனியில் பிரிந்து நிற்கும் இழையில் விரல்கடை அளவு கத்தரித்து, நல்ல தண்ணீரில் காற்றுக்குமிழி போக அமுக்கி விடுங்கள். நைலான் அமிழும், பி.பி. மிதக்கும். கயிறை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டிய சுருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

நம் கடைத்தெருவில் எல்லாக் கயிறையும் ‘நைலான்’ என்றே கேட்கிறோம், கொடுக்கிறார்கள். ஆகவே விற்பனைப் பக்கத்தில் ‘மெட்டீரியல்’ என்ற வரியில் என்ன போட்டிருக்கிறது என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகாருக்குப் பிறகு சிலர் அதை மாற்றிவிடுவார்கள். விவரித்தபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே 2020 விதிகளில் இருக்கிறது. ஆப்பில் திருப்பி அனுப்பக் காரணம் கேட்கும் இடத்தில் ‘வேண்டாம்’, ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தொடாதீர்கள். கட்டணம் பிடிப்பார்கள் அல்லது மறுப்பார்கள். ‘விவரத்துக்கு மாறான பொருள்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். திருப்பி எடுக்க வருபவரிடம் கொடுக்கும் முன் சுருளைத் தராசில் வைத்துப் படம் எடுங்கள். ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற மெசேஜ் வராமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

? பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் புகாரே செல்லாது என்கிறார்களே?
– வாசகர், ஏர்வாடி

சட்டத்தில் அப்படி நிபந்தனை இல்லை. ஆனால் வீடியோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஒரே ஓட்டமாக எடுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. லேபிளும் டிராக்கிங் எண்ணும் படிக்கிற மாதிரி முதலில் தெரியட்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கங்கள், டேப், தராசில் எடை, அதன்பின் கத்தி. செல்போன் என்றால் உள்ளே இருப்பதை ஆன் செய்து *#06# அடித்து, வரும் எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒப்பிடுவதுவரை வீடியோவில் இருக்கட்டும். KYM (கேஒய்எம்) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். விலை உயர்ந்த பொருளுக்கு ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’ வசதி இருந்தால் அதையே எடுங்கள். பிரித்துக் காட்டி, நீங்கள் பார்த்த பிறகுதான் ஓடிபி.

? நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். கீழக்கரையில் உம்மா தனியாக இருக்கிறார்கள். நான்தான் இங்கிருந்து பொருள் ஆர்டர் போடுவேன். போன வாரம் நான் போடாத ஒரு பார்சல் வந்து, ‘மகன் அனுப்பியது’ என்று சொல்லி உம்மாவிடம் 899 ரூபாய் வாங்கிப் போய்விட்டார்கள். உள்ளே பழைய துணி.
– வாசகர், கீழக்கரை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் குறிவைத்து நடப்பது இது. பெயர், முகவரி, போன் நம்பர் எங்கிருந்தோ கசிந்திருக்கிறது. கொண்டுவந்தவருக்குப் பெரும்பாலும் உள்ளே இருப்பது தெரியாது. லேபிளில் அனுப்புநர் பெயர், திருப்பி அனுப்பும் முகவரி, டிராக்கிங் எண் இருக்கும். பெட்டியைத் தூக்கிப்போடாமல் மூன்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணோடு கூரியர் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். வாசலில் வாங்கிய பணம் அனுப்புநர் கணக்குக்குப் போக சில நாள் ஆகும். அதற்குள் புகார் போனால் நிறுத்தி வைக்க வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். பெட்டிக்குள் ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று க்யூஆர் கோடு அட்டை இருந்தால் ஸ்கேன் செய்யவே கூடாது.

உம்மாவிடம் ஒரே ஒரு ஏற்பாடு போதும்: நீங்கள் போடும் ஆர்டர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். காசு கேட்டு வரும் பார்சல் எதுவும் நம்முடையது அல்ல, திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லி வையுங்கள். ஓடிபி உங்கள் ஷார்ஜா கைப்பேசிக்கு வந்து, நீங்கள் வேலையில் இருக்கும்போது பார்சல் திரும்பிப் போகாமலிருக்க, முகவரியில் உம்மா நம்பரைப் போடுங்கள்.

? 1915-லும் சொல்லியாயிற்று, தீரவில்லை. ஆர்டர் போட்ட கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. வழக்குப் போட அங்கே போக வேண்டுமா?
– வாசகர், தேவிபட்டினம்

வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பில் விற்பனையாளரையும் ஆன்லைன் நிறுவனத்தையும் சேர்த்தே போடுங்கள். பார்சல் காணாமல் போயிருந்தால் கூரியரையும். ஒருவரை விட்டால், ‘தவறு அவருடையது’ என்று மற்றவர் கையைக் காட்டுவார். விற்பனையாளரின் முழுப்பெயரும் முகவரியும் பில்லிலேயே இருக்கும். ஆர்டர் உறுதிச் செய்தி, பில், லேபிள் படம், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல்கள், 1915 புகார் எண் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஆப்பில் நடந்த சாட் சில நாளில் மறைந்துவிடும், அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

? ‘உங்கள் தபால் பார்சலில் முகவரி சரியில்லை, 24 மணி நேரத்தில் திருத்துங்கள்’ என்று லிங்க் வந்தது. அழுத்தி 5 ரூபாய் கட்டிவிட்டேன்.
– வாசகி, தொண்டி

அஞ்சல் துறை இப்படி லிங்க் அனுப்பிப் பணம் கேட்பதில்லை. 5 ரூபாய் போனது பெரிதல்ல, கார்டு விவரம் போய்விட்டது. வங்கிக்குச் சொல்லி கார்டை இப்போதே முடக்குங்கள். கணக்கில் வேறு தொகை போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். ‘டெலிவரிக்காக இந்த நம்பரை டயல் பண்ணுங்கள்’ என்று யாராவது நட்சத்திரக் குறியோடு ஒரு எண்ணைச் சொல்லி நீங்கள் டயல் செய்திருந்தால், உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்பியிருக்கலாம். ##002# அடித்தால் அது ரத்தாகும். உண்மையிலேயே ஸ்பீட் போஸ்ட் எதிர்பார்க்கிறீர்கள் என்றால், ரசீதில் உள்ள 13 இலக்க எண்ணை வைத்து அஞ்சல் துறைத் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அல்லது 1800 266 6868-க்குப் பேசுங்கள்.