காக்கி போட்டால் நல்லவனும் கொடூரனாகிவிடுவானா?

ஆம் என்பவர்கள் ஆதாரமாகக் காட்டும் போலிச் சிறைச் சோதனை, 1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ நடத்தியது. மாணவர்களில் சிலர் காவலர், சிலர் கைதி. கைதிக்குப் பெயர் கிடையாது, எண்தான். நடுராத்திரியில் எழுப்பி வரிசையில் நிறுத்தி அந்த எண்ணைச் சொல்ல வைத்தார்கள், தண்டால் எடுக்க வைத்தார்கள். இரண்டு வாரத் திட்டம் ஆறே நாளில் நின்றது.

ஆனால், அதிகாரம் தானாகவே ஆளைக் கெடுக்கும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கடுமை காட்டச் சொல்லி ஒரு காவலரை சோதனையை நடத்தியவர்கள் தரப்பே தூண்டியது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஜிம்பார்டோவே அந்தச் சிறையின் கண்காணிப்பாளர். அப்புறம் யார் தடுப்பது? 2002-இல் பிபிசி ஒளிபரப்பிய இதே மாதிரிச் சோதனையில் காவலர்கள் ஒன்றுசேரவே இல்லை, கைதிகள் கைதான் ஓங்கியது.

ராமேசுவரம் பக்கம் எங்கள் தங்கச்சிமடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறை போய்வந்த மீனவர்களைக் கேளுங்கள். ஒரே சிறையில் ஒரு காவலர் பீடி கொடுத்திருப்பார், இன்னொரு காவலர் ஏசியிருப்பார். மேலதிகாரி எதைக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.